சேலத்துக்கு ஈ, ஷெலனுக்கு பொ

சித்தி பொண்ணு இந்த வருடக் கடைசியில் டென்மார்க் போகிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஓடென்சே நகரத்தில் வேலை. நானும் அதே ஊரில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்தவள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சேலம் அஸ்தம்பட்டியில் பஸ் ஏறி, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவும் சுற்றி, ஏற்காட்டில் சித்தி வீட்டுக்குப் போய் அவளுக்கு டேனிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். எழுத்து, எண்கள், வணக்கம், நன்றி எல்லாம் முடிந்தது. இப்போது நிற்பது முன்னிடைச்சொற்களில். பள்ளிக்கூடத்தில் ப்ரிபொசிஷன் என்று படித்தோமே, அதுதான்.

போன வாரம் அவள் நோட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு, ஈ என்றால் இன், பொ என்றால் ஆன், வேத் என்றால் அட், டில் என்றால் டு என்று கலர் பேனாவில் அழகாக எழுதி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தை அடித்துவிடச் சொன்னேன். "ஏன்க்கா, எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றாள், முகம் வாடிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். ஆனால் அதே கட்டத்தை நானும் ஒரு காலத்தில் மனப்பாடம் செய்து, அதை நம்பி ஒரு வருடம் தப்பும் தவறுமாகப் பேசியவள். கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டில் எல்லா இடத்திலும் நான் சொல்வது அவர்களுக்குப் புரியும், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கல் இடறும். அதை அவர்கள் திருத்தவும் மாட்டார்கள், மரியாதை கருதி விட்டுவிடுவார்கள். ஆங்கிலமும் டேனிஷும் உறவுக்கார மொழிகள்தான், நிறையச் சொற்கள் ஒன்றுபோல இருக்கும். அந்த ஒற்றுமையை நம்பி முன்னிடைச்சொல்லையும் அப்படியே தூக்கிவைக்கும்போதுதான் தப்பு நடக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். தமிழ் தெரிந்தவர்கள் டேனிஷ் முன்னிடைச்சொற்களை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம், நம் வேற்றுமை உருபிலிருந்தே நேராகப் போகலாம். பல இடங்களில் அது கிட்டத்து வழி.

நமக்கு உருபு சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும், அவர்களுக்குச் சொல்லுக்கு முன்னால் தனியாக நிற்கும். இடம்தான் மாறுகிறதே தவிர செய்கிற வேலை ஒன்றுதான். சேலத்துக்கு என்பது டில் சேலம். சேலத்திலிருந்து என்பது ஃப்ரா சேலம். அம்மாவுடன் என்பதற்கு மெத், அம்மா இல்லாமல் என்பதற்கு ஊதென். இந்த நாலும் ஒரே நாளில் வந்துவிடும், இதில் நேரம் செலவழிக்க வேண்டியதே இல்லை. டில் என்பது உனக்கு, எனக்கு என்று கொடுக்கிற இடத்திலும் வரும். பிறந்தநாள் பரிசை நீட்டி டில் டை என்றால் "இது உனக்கு". இன்னொன்றும் நமக்குப் பழக்கமானது. நான் என்பது உருபு ஏற்கும்போது என் என்று மாறி என்னுடன் ஆகிறது இல்லையா, அதேபோல அவர்களின் யை, மெத்துக்குப் பின்னால் மை ஆகிவிடும். மெத் மை. நானுடன் என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. அந்தக் காது நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெத், வேத் என்று நான் எழுதினாலும் அந்தக் கடைசி த் நம் த் அல்ல, நாக்கு மேலே தொடாமல் ல பக்கம் சாயும் ஒரு மெத்தென்ற ஒலி. வேகமாகப் பேசும்போது அதுவும் விழுந்து மெ, வே என்று மட்டும் கேட்கும். டில் சொல்லும்போது ட் கொஞ்சம் ட்ஸ் போலக் காற்றோடு வரும். பொ என்பதை எழுதும்போது ஆங்கில ஏ (a) எழுத்தின் மேல் சின்ன வட்டம் போடுவார்கள். 1948 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அந்த வட்டம் கிடையாது, இரண்டு ஏ சேர்த்து எழுதினார்கள். பழைய கல்வெட்டிலோ கடைப் பெயரிலோ பார்த்தால் குழம்ப வேண்டாம்.

சரி, கஷ்டம் எங்கே என்றால் நம்முடைய இல் என்கிற ஒரே உருபில். சேலத்தில், வீட்டில், தீவில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், தமிழில், ஒரு மணி நேரத்தில் என்று நாம் எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடுவோம். டேனிஷ்காரர்கள் அதை ஈ, பொ என்று இரண்டாகப் பிரித்து, அங்கங்கே ஹோஸ், வேத், மெத், ஓம் என்று வேறு ஆட்களையும் நிறுத்துகிறார்கள். உள்ளே என்றால் ஈ, மேலே என்றால் பொ என்பது பெட்டிக்கும் மேசைக்கும் சரியாக வரும். ஊருக்கும் வாழ்க்கைக்கும் வராது.

ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். நாடு, நகரம், கிராமப் பெயர் என்றால் ஈ. யை போர் ஈ சேலம், நான் சேலத்தில் குடியிருக்கிறேன். ஈ டான்மார்க், ஈ இந்தியென். தீவு என்றால் பொ. கோபன்ஹேகனின் பெரும்பகுதி அமைந்திருக்கும் பெரிய தீவின் பெயர் அவர்கள் வாயில் ஷெலன் என்று வரும், வேகமாகச் சொன்னால் நம் சேலம் மாதிரியே கேட்கும். முதல் தடவை ரேடியோவில் கேட்டபோது எனக்கு நெஞ்சு ஒரு நிமிடம் ஊருக்கு வந்துவிட்டுப் போனது. ஆனால் ஷெலன் தீவு, அதனால் பொ ஷெலன். சேலம் நகரம், அதனால் ஈ சேலம். இந்த ஜோடியை மட்டும் மனதில் போட்டுக்கொண்டால் விதி எப்போதும் மறக்காது. ஓடென்சே நகரம் இருப்பது ஃப்யூன் என்கிற தீவில், ஆகவே ஈ ஓடென்சே, ஆனால் பொ ஃப்யூன். யூலன் ஜெர்மனியோடு நிலத்தால் ஒட்டிய தீபகற்பம், அதற்கு ஈ. இங்கிலாந்து தீவில்தானே இருக்கிறது என்று கேட்டால், அது பெரிய நாடு என்ற கணக்கில் ஈ வாங்கிக்கொள்ளும். ஐஸ்லாந்துக்கோ பொ.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "ஏற்காடு மலைமேலதானே இருக்கு, அப்ப பொ ஏற்காடா?" இல்லை. ஏற்காடு ஊர்ப்பெயர், ஊர் எத்தனை உயரத்தில் இருந்தாலும் ஈ ஏற்காடு. மலையையே சொன்னால் அப்போது பொ. சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சிக்கு ஏறி நின்றால் நீ மலையின் பொ, சாயங்காலம் ஏரிப் பக்கம் இறங்கி வந்தால் மறுபடியும் ஈ ஏற்காடு. ஏரிக்கரையில் நிற்பதற்கு வேத், பக்கத்தில், ஓரத்தில் என்ற அர்த்தம். டென்மார்க்கில் மலை என்ற சொல் இருக்கிறது, மலை அவ்வளவாக இல்லை. வானமலை என்று பொருள்படும் பெயர் கொண்ட ஹிம்மல்பியெர் 147 மீட்டர். நாட்டிலேயே உயரமான இயற்கை இடம் மொல்லஹொய், 171 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சேலம் டவுனே அதைவிட உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆனாலும் அவர்கள் அந்த மேட்டை அவ்வளவு அன்பாகப் பேணுவார்கள், போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான்.

"இந்தப் பாஷையைத் தமிழ்நாட்டில யாருக்கா பேசியிருப்பாங்க?" என்றும் கேட்டாள். தரங்கம்பாடியை ஞாபகப்படுத்தினேன். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 225 வருடம் அந்தக் கடற்கரையில் இந்த ஈயும் பொவும் புழங்கியிருக்கின்றன. அவர்கள் அந்த ஊரை ட்ராங்கெபார் என்பார்கள். ஊர் என்பதால் ஈ ட்ராங்கெபார்.

அடுத்து ஆட்கள். இங்கேதான் தமிழ் நமக்குப் பெரிய துணை. மரத்தில், பெட்டியில் என்போம், ஆனால் டாக்டரில் போய்க் காட்டினேன் என்று யாராவது சொல்வோமா? டாக்டரிடம், டாக்டர்கிட்ட என்போம். உயிருள்ள ஆளுக்கு இடம், உயிரில்லாததற்கு இல் என்று பிரித்து வைத்திருக்கிறோம். டேனிஷிலும் அப்படி ஒரு சொல் தனியாக இருக்கிறது, ஹோஸ். ஹோஸ் லேயன், டாக்டரிடம். ஹோஸ் மீன் மொர்மொர், அம்மாயி வீட்டில். (மொர் என்றால் அம்மா, மொர்மொர் அம்மாவின் அம்மா, ஃபார்மொர் அப்பாவின் அம்மா. அம்மாயி யார், ஆத்தா யார் என்று நம்மைப் போலவே பெயரிலேயே பிரித்துவிடுவார்கள், ஆங்கிலத்துக்கு அது கிடையாது.) ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். டாக்டர்கிட்ட இருக்கேன், டாக்டர்கிட்ட போறேன் என்று இரண்டுக்கும் நாம் ஒரே கிட்ட போடுவோம். அவர்களுக்கு இருப்பது ஹோஸ், போவது டில். வேகத்தில் நான் பல தடவை தவறவிட்டது இதைத்தான்.

அப்புறம் கட்டடங்கள், வேலை செய்யும் இடங்கள். இதற்கு முழு விதி சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். வேலையில் பொ ஆர்பைடெ, ஆஸ்பத்திரியில், நூலகத்தில், ரயில் நிலையத்தில், தெருவில் எல்லாம் பொ. பேங்க், சமையலறை, கடை, சினிமா தியேட்டர் எல்லாம் ஈ. கிராமப்புறத்தில் என்பதற்குப் பொ லன்னெத், நகரத்துக்குள் என்பதற்கு ஈ. பள்ளியில் படிக்கிற பிள்ளை ஈ ஸ்கோலெ, அதே பள்ளிக் கட்டடத்துக்கு ஒரு வேலையாகப் போய் நிற்கும் பெற்றோர் பொ ஸ்கோலென். காரணம் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் மாதம் ஓடிவிடும். முன்னிடைச்சொல்லையும் இடத்தையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக வாயில் போட்டுக்கொள்வதுதான் வழி. அவளுக்கு நான் கொடுத்த பயிற்சி, சேலத்துக்கு இறங்கி வரும்போதெல்லாம் ஜன்னல் வழியாகத் தெரியும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொற்றொடர் சொல்வது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு வந்தால் ஈ பியோக்ராஃபென், சினிமாவில். ஆஸ்பத்திரி வந்தால் பொ. ஏதாவது பேங்க் கிளை வந்தால் ஈ பங்கென். வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனதுக்குள் சொன்னால் ஒட்டாது.

வண்டிகளுக்கும் தனிக் கணக்கு. கார்ல வந்தேன், பஸ்ல வந்தேன், சைக்கிள்ல வந்தேன் என்று நமக்கு எல்லாம் ல. டேனிஷில் காருக்கு ஈ, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மெத், சைக்கிளுக்குப் பொ. நடந்து வந்தால் டில் ஃபோட்ஸ் என்று ஒரு பழைய சொற்றொடர், அந்தக் கடைசி ஸ், டில் ஒரு காலத்தில் ஆறாம் வேற்றுமையைக் கேட்டதன் மிச்சம். பஸ் கூட உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்தால் மெத் வந்துவிடும்.

நேரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவதும் இதில்தான். பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ்ஸுக்கு நிற்பதாக வைத்துக்கொள்வோம். "ஒரு மணி நேரத்தில் பஸ் கிளம்பும்" என்கிறார் கண்டக்டர். "ஒரு மணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்துடும்" என்றும் அவரே சொல்கிறார். இரண்டும் நேரத்தில்தான். ஆனால் முதலாவதற்கு ஓம் என் டீமெ, இரண்டாவதற்குப் பொ என் டீமெ. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் கழித்து என்று மாற்றிப் போட முடிந்தால் ஓம், நேரத்துக்குள் என்று மாற்றிப் போட முடிந்தால் பொ. ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பும், ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும். இதுவரை இந்தச் சோதனை என்னைக் கைவிட்டதில்லை. இனி, ஒரு மணி நேரம் முழுக்க அங்கேயே காத்திருந்தேன் என்றால் ஈ என் டீமெ. போன பஸ் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே கிளம்பிவிட்டது என்றால் ஃபோ என் டீமெ சீதென், ஒரு சொல் முன்னாலும் ஒரு சொல் பின்னாலும் நின்று நேரத்தை நடுவில் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் அந்தச் சீதென் நமக்கு முன்னாடி போலவே உட்காருவதால் சுலபம். நாலையும் ஒரே பஸ்ஸை வைத்துச் சொல்லிப் பழகினால் போதும்.

கிழமைகளைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன், வெள்ளிக்கிழமை போகப்போறேன், வெள்ளிக்கிழமைன்னா கோயிலுக்குப் போவேன். மூன்றிலும் கிழமை மாறவில்லை, வினை மாறுகிறது. டேனிஷில் வினையும் மாறும், கிழமையும் வேறு சட்டை போட்டுக்கொள்ளும். போன வெள்ளி ஈ ஃப்ரேடாஸ், வரும் வெள்ளி பொ ஃப்ரேடா, வெள்ளிதோறும் ஓம் ஃப்ரேடாயென். அங்கே இருக்கும்போது ஒரு அலுவலகத்தில் எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பொ ஃப்ரேடா என்று சொன்னதை நான் வெள்ளிக்கிழமைகளில் எப்போது வேண்டுமானாலும் என்று புரிந்துகொண்டு ஒரு வாரம் தள்ளிப் போய் நின்றேன். மறுபடி நேரம் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. ஒரு சின்னச் சொல்லுக்கு அவ்வளவு கனம். அதனால்தான் இவளிடம் இந்தப் பகுதியை மூன்று ஞாயிறு விடாமல் கேட்டேன்.

மேலே, கீழே என்பது ஏற்காட்டுக்காரர்களுக்கு அன்றாடப் பேச்சு. கீழே போறேன் என்றால் சேலத்துக்கு என்று அர்த்தம். மேலே போறேன், மேலே இருக்கேன், இரண்டுக்கும் நமக்கு ஒரே மேலே. அவர்களுக்கு ஏறும்போது ஒப், ஏறி நின்ற பிறகு ஒபெ. இறங்கும்போது நேத், இறங்கியபின் நேதெ. வீட்டுக்குப் போவது யெம், வீட்டில் இருப்பது யெமெ. நம் கு, இல் வித்தியாசமேதான், கடைசியில் ஒரு எ சேர்ந்தால் அது இல். வீட்டுக்கு, வீட்டில் என்று நாம் எப்படித் தப்பில்லாமல் பிரிக்கிறோமோ அதே உணர்வை மேலே கீழே வரைக்கும் நீட்டினால் போதும்.

வினையோடு ஒட்டி வருபவை ஏராளம், அவற்றை வந்த இடத்தில் வந்தபடி படிக்கலாம், இப்போது நாலைந்து மட்டும். காத்திருப்பது, பார்ப்பது, நினைப்பது மூன்றுக்கும் பொ. யை வென்டர் பொ பஸ்ஸென் என்றால் பஸ் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறேன் என்றல்ல, பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். யை டெங்கர் பொ டை, உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாய்க்குப் பயம் என்று கு போடுகிறோமே, அங்கே அவர்கள் ஃபோ போடுவார்கள், நம் கு அதோடு நன்றாகப் பொருந்தும். அவருடன் திருமணம் என்று உடன் போடும் இடத்தில் மெத். இந்த இரண்டிலும் ஆங்கில வழியில் போனவர்கள் தடுக்கி விழுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன், தமிழில் யோசித்தால் தானாக வருகிறது. மொழிகளுக்குப் பொ. தமிழில் பொ டமில்ஸ்க், டேனிஷில் பொ டான்ஸ்க். கையை நீட்டி ஒரு பொருளைக் காட்டி வெத் ஹெதர் டே பொ டான்ஸ்க் என்று கேளுங்கள், இதற்கு டேனிஷில் என்ன பெயர் என்று அர்த்தம். அங்கே இறங்கிய முதல் நாளிலிருந்து கைகொடுக்கும் வாக்கியம் இது.

முன்னிடைச்சொல்லே வேண்டாத இடமும் இருக்கிறது. ஒரு கப் காபி என்போம், நடுவில் எதுவும் கிடையாது. டேனிஷிலும் என் கொப் கஃபெ, அவ்வளவுதான். ஆங்கிலம்தான் நடுவில் ஒரு ஆஃப் கேட்கும். ஒரு கிலோ மாம்பழம், ஒரு டம்ளர் தண்ணீர் எல்லாமே நம் வழியில்தான் போகும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காபிச் செடி வளர்ந்த மலையில் உட்கார்ந்து இதைப் படிப்பதால், அவள் முதலில் முழுதாகச் சொன்ன டேனிஷ் வாக்கியமும் காபிதான். அடுப்படிப் பக்கம் திரும்பி, என் கொப் கஃபெ, மெத் மெல்க், ஊதென் ஸொகர் என்று நிறுத்தாமல் சொன்னாள். பாலோடு, சர்க்கரை இல்லாமல். சித்தி காதில் ஊதென் மட்டும் ஊதேன் என்று விழுந்திருக்கிறது. காபியைக் கொண்டுவந்து, "சூடாத்தான் இருக்கு, இரு ஊதித் தர்றேன்" என்று டம்ளருக்கும் டபராவுக்குமாக நாலு ஆற்று ஆற்றிக் கொடுத்தார். சர்க்கரை எப்போதும் போல ரெண்டு ஸ்பூன்.